ஓர் இரவுக்கு ஓர் இடம்
(நூற்றாண்டு விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பள்ளியின் பெருமைகளைச் சொல்ல இந்த மேடையில் பலர் இருக்கிறார்கள். எங்கள் வகுப்பின் சார்பில் நாங்கள் எடுத்துக்கொண்டது ஒரு சின்ன விஷயம். பதுளையிலிருந்து கொழும்புக்குப் போகும் ஒரு பெண்பிள்ளை அன்றிரவு எங்கே தங்குவாள்?

1924ஆம் ஆண்டு பதுளைக்கு ரயில் வந்தது. மலைநாட்டுப் பாதையின் கடைசி நிலையம் நம்முடையதுதான். கோட்டைக்குச் சுமார் 290 கிலோமீற்றர். பட்டிப்பொல வரை ஏறி, பிறகு இறங்கும் பாதை என்பதால் இன்றும் ஒன்பது, பத்து மணித்தியாலம் எடுக்கிறது. லுணுகலை, மடுல்சீமைத் தோட்டத்துப் பிள்ளை முதலில் பஸ் பிடித்து இங்கே வரவேண்டும். காலையில் கொழும்பில் நேர்முகத் தேர்வு என்றால் இரவு மெயிலில் கண்விழித்துப் போகவேண்டும். இல்லாவிட்டால் முதல்நாளே போய்த் தங்கவேண்டும்.

நம் பேச்சில் ஹோட்டல் என்றால் சாப்பாட்டுக் கடை. ரொட்டியும் பிளேன்டீயும் கிடைக்கும், படுக்க இடம் கிடைக்காது. அதற்கு லொட்ஜ் தேடவேண்டும். நாங்கள் இருவர் முதன்முதலாக நேர்முகத் தேர்வுக்குப் போனபோது ஒருத்தியின் அம்மா துணைக்கு வந்தார். மலையில் இரண்டு நாள் பேரை இழந்துதான் வந்தார். புறக்கோட்டையில் முதலில் கேட்ட இடத்தில், ஆம்பிளை ஆள் இல்லாமல் அறை தரமாட்டோம் என்றார்கள். இரண்டாவது இடத்தில் தந்தார்கள். பதிவுப் புத்தகத்தில் முகவரி கேட்டார்கள். லயத்துக்கு ஏது இலக்கம்? தோட்டத்தின் பெயரையும் டிவிசனையும் எழுதினோம். எழுதியவரை ஏற இறங்கப் பார்த்தார்கள். கதவுத் தாழ்ப்பாள் சரியாக விழவில்லை. அம்மா மேசையை இழுத்துக் கதவோடு அணைத்துவிட்டு விடியும்வரை அதில் சாய்ந்தே இருந்தார். நாங்கள் தூங்கினோம். இருவருக்கும் ஆசிரியர் நியமனம் கிடைத்தது.

துணைக்கு வர ஆளில்லாத பிள்ளைகளும் அந்த வகுப்பில் இருந்தார்கள். கடிதம் வந்தும் அவர்கள் போகவில்லை. கெட்டிக்காரத்தனத்தில் அவர்கள் எங்களுக்குக் குறைந்தவர்கள் அல்லர். ஓர் இரவுதான் குறுக்கே நின்றது.

யுத்த காலத்தில் அந்த இரவு இன்னும் நீண்டது. லொட்ஜில் தங்கும் தமிழர் ஏன் வந்தார், எப்போது போவார் என்றெல்லாம் பதில் சொல்லவேண்டும். 2007 ஜூன் 7ஆம் திகதி கொழும்பு லொட்ஜுகளில் தங்கியிருந்த 376 தமிழர்களைப் பொலிஸார் பஸ்களில் ஏற்றி நகரத்தைவிட்டு அனுப்பினார்கள். மறுநாளே உயர் நீதிமன்றம் அதைத் தடுத்தது. ஆனாலும் பிள்ளைகளைக் கொழும்புக்கு அனுப்பப் பெற்றோருக்கு இருந்த பயம் ஒரு தீர்ப்போடு போய்விடவில்லை.

அந்நாட்களில் வெள்ளவத்தையில் குடியிருந்த நம் பள்ளி அக்கா ஒருவர் தம் வீட்டு விறாந்தையில் பாய் விரித்துக் கொடுத்தார். எத்தனை பேர் அங்கே படுத்தெழுந்து பரீட்சைக்கும் வேலைக்கும் போனோம் என்பது இங்கே கைதூக்கச் சொன்னால் தெரியும். சங்கம் அதற்கு ஒரு சதமும் செலவழிக்கவில்லை. தெரிந்த ஒருவரின் கதவு, அவ்வளவுதான்.

இந்த நூற்றாண்டில் சங்கத்திடம் நாங்கள் கேட்பது அதையேதான். கொழும்பு, கண்டி, யாழ்ப்பாணம், மட்டக்களப்பு என்று நம்மவர் வாழும் ஊர்தோறும், ஓர் இரவு தங்கவைக்கக்கூடிய வீடுகளின் பட்டியல் ஒன்று தயாராகட்டும். பட்டியல் சங்கச் செயலாளரிடம் மட்டும் இருக்கட்டும். பிள்ளை அதிபரின் கடிதத்தோடு வரட்டும். இடமில்லாதவர்கள், வெளிநாட்டில் இருப்பவர்கள், நல்ல விடுதியில் ஓர் இரவுக்கான கட்டணத்தை ஏற்றுக்கொள்ளலாம்.

பதுளையில் இருக்கும் நமக்கும் இதில் பங்குண்டு. 2005இல் ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் தொடங்கியதிலிருந்து வேறு மாவட்டத்துப் பிள்ளைகள் பெட்டியோடு நம் ஸ்டேஷனில் வந்து இறங்குகிறார்கள். அவர்களின் அம்மாமாருக்கும் முதல் இரவு இருக்கிறது.

தேநீர் இடைவேளையில் வாசல் மேசையில் ஒரு கொப்பி இருக்கும். பெயரும் ஊரும் எழுதினால் போதும். எங்கள் வகுப்பிலிருந்து பதினொரு பேர் ஏற்கெனவே எழுதியிருக்கிறோம்.