பழைய லினக்ஸ் கணினி: படிப்படியாகப் புதுப்பித்தால் பழுதில்லை



மலேசிய அரசாங்கம் 2004-ஆம் ஆண்டில் பொதுத்துறைக்கான திறந்த மூல மென்பொருள் பெருந்திட்டத்தைத் தொடங்கியது. லினக்ஸுக்குக் கட்டணமில்லை, பழைய கணினியிலும் ஓடும். ஆனால் 'நன்றாகத்தானே ஓடுகிறது' என்று அதை ஆண்டுக்கணக்கில் தொடாமல் விட்டுவிடுவோரும் உண்டு.

சுங்கைப்பட்டாணியிலோ கூலிமிலோ உள்ள ஒரு மரண சகாய சங்கத்தின் சந்தாக் கணக்கு அப்படியொரு கணினியில் மட்டுமே இருக்கிறது என்று கொள்ளலாம். அது அழிந்தால், துக்க வீட்டுக்குச் சேரவேண்டிய பணத்துக்கே சிக்கல் வரும்.

தொடாமல் விடுவதும் பாதுகாப்பல்ல. 2021 செப்டம்பர் 30-ஆம் தேதி இணையப் பாதுகாப்புக்கான மூலச் சான்றிதழ் ஒன்று காலாவதியானது. புதுப்பிக்கப்படாத பல பழைய கணினிகளில் அன்று முதல் பல இணையத்தளங்கள் திறக்கவில்லை.

அதற்காக ஒரே தாவலில் புதிய பதிப்புக்குப் போவதும் ஆபத்து. தோட்டத்தில் மறுநடவு செய்யும்போது எல்லாப் பால்மரங்களையும் ஒரே நாளில் சாய்ப்பதில்லை. பகுதி பகுதியாகத்தான் செய்வார்கள். லினக்ஸுக்கும் அதே முறைதான். டெபியன் வகையில் 2017-இல் வந்த 9-ஆம் பதிப்பிலிருந்து 2025-இல் வந்த 13-ஆம் பதிப்புக்குப் போக, 10, 11, 12 என்று ஒவ்வொன்றாக ஏறவேண்டும். இடையில் ஒன்றைத் தாண்டுவதை டெபியன் ஆதரிப்பதில்லை.

முதல் வேலை, கோப்புகளை வெளி வன்தட்டில் நகலெடுப்பது. அந்த நகலை வேறொரு கணினியில் திறந்து பார்த்த பிறகே அடுத்த வேலை. வட்டில் போதிய காலியிடம் வேண்டும். வெளியாரிடமிருந்து சேர்த்த மென்பொருள் மூலங்களை நிறுத்திவைக்க வேண்டும். பழைய பதிப்பின் மென்பொருள்கள் வழக்கமான முகவரியில் இல்லையென்றால், டெபியனின் காப்பகத்தில் கிடைக்கும். இருக்கும் பதிப்பை முழுமையாகப் புதுப்பித்துவிட்டு அடுத்த படிக்கு ஏறவேண்டும். ஒவ்வொரு படியிலும் கணினியை மறுபடி இயக்கி, கணக்கு திறக்கிறதா, அச்சுப்பொறி வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும்.

அவசரத்தில் புதிய பதிப்பின் ஒரே ஒரு மென்பொருளை மட்டும் பழையதில் திணிப்பதுதான் பெருந்தவறு. அது தன்னோடு அடிப்படைக் கோப்புகளையும் இழுத்துவந்து மற்றவற்றை முடக்கிவிடக்கூடும்.

மிகப் பழைய 32-பிட் கணினி என்றால் 13-ஆம் பதிப்பை அதில் நிறுவ முடியாது. அங்கே கணக்கைப் பத்திரமாக எடுத்து வேறு கணினிக்கு மாற்றுவதே நல்லது.

கணினி போனால் வேறு வாங்கலாம். கணக்கு போனால் எங்கே வாங்குவது? நகல் எடுக்க ஒரு மாலைப்பொழுது போதும்.