தர்மப் பணமும் கணக்கரும்



அநாதை இல்லங்கள், இலவச வைத்தியசாலைகள், பாடசாலை அறக்கட்டளைகள் ஆகியவற்றின் கணக்குகளோடு என் உத்தியோக வாழ்வின் பெரும்பகுதியைக் கழித்தவன் என்பதை முன்னிட்டு, கணக்கர் தொழிலைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறீர்கள்.

வியாபாரத்தில் போட்ட பணம் என்னவாயிற்று என்று கேட்பதற்கு முதலாளி இருக்கிறார். தர்ம ஸ்தாபனத்துக்குக் கொடுத்தவரோ கொடுத்த கையோடு வீடு திரும்பிவிடுகிறார்; சிலர் காலகதியும் அடைந்துவிடுகிறார்கள்; அப்பணத்தால் பயன்பெற வேண்டிய குழந்தையும் நோயாளியும் கேள்வி கேட்கும் நிலையில் இல்லை. இவ்விரு தரப்பாருக்கும் பிரதிநிதியாக அங்கே உட்கார்ந்திருப்பவர் கணக்கர் ஒருவரே என்பது என் திடமான அபிப்பிராயம்.

ஓர் இல்லத்தில் நான் ரசீதுப் புத்தகத்தின் அடிக்கட்டைகளைப் பார்த்துக்கொண்டு வந்தபோது, ஒன்றில், தொகைக்குக் கீழே, 'தகப்பனார் திதியன்று பிள்ளைகள் சாப்பாட்டுக்கு' என்று பென்சிலால் எழுதியிருந்தது. அந்த ரசீது எழுதிய மார்ச் மாதத்திலேயே கூரை ஒழுகி, கொத்தனார் கூலிக்காகக் காத்திருந்தார். இல்லத்தின் காரியதரிசி உத்தமமான மனிதர்; அந்தத் தொகையை அதற்குக் கொடுக்க எண்ணி, "எல்லாம் பிள்ளைகளுக்குத்தானே, சார்?" என்றார். அவருடைய எண்ணத்தில் களங்கம் சிறிதுமில்லை; ஆயினும் அந்தத் தொகையைப் பேரேட்டில் தனிப்பக்கத்தில் நிறுத்தி, கூரைக்கு வேறு வழி தேடும்படி சொல்ல வேண்டியதே என் கடமையாயிற்று. கொடுத்தவர் சாப்பாட்டுக்கென்று கொடுத்ததைக் கூரைக்குத் திருப்பும் அதிகாரம் காரியதரிசிக்கும் இல்லை, எனக்கும் இல்லை. திருடர்களைக் காட்டிலும் நல்லவர்களிடமே இந்தப் பேச்சை நான் அடிக்கடி பேச நேர்ந்திருக்கிறது.

கணக்குக் கேட்பார் இல்லாத தர்மப் பணம் என்னவாகும் என்பதற்கு நம் சென்னையின் சரித்திரத்திலேயே ஒரு பெரிய திருஷ்டாந்தம் உண்டு. 1794ஆம் ஆண்டில் காலமான பச்சையப்ப முதலியார் தம் செல்வத்தைத் தர்மங்களுக்கென்று உயில் எழுதிவைத்தார். அவருக்குப் பின் அந்தத் தர்மங்கள் முறையாக நடவாமல் வழக்காகி, நீதிமன்றம் தலையிட்டு நிதியை மீட்டு, தர்மங்களுக்கு ஒதுக்கியது போக எஞ்சியதைக் கல்விக்குத் திருப்பிய பின்னரே 1842இல் அவர் பெயரால் பாடசாலை தோன்றிற்று. இடையே 48 ஆண்டுகள் போய்விட்டன!

சட்டமும் இவ்விஷயத்தில் கண்டிப்பானதே. வருமானத்தில் நூற்றுக்கு 85 பங்கை அந்த வருஷத்திலேயே தர்ம காரியத்துக்குச் செலவிட வேண்டுமென்றும், சேர்த்துவைக்க விரும்பினால் காரணத்தை எழுதிக்கொடுத்து ஐந்து வருஷத்துக்குள் செலவழிக்க வேண்டுமென்றும் 1961ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டம் விதித்தது. அதை நான் மனமார ஆதரிக்கிறேன். ஆனால் அயல்நாட்டு நன்கொடையில் நிர்வாகச் செலவு நூற்றுக்கு 50 வரை இருக்கலாமென்றிருந்ததை 2020இல் 20 ஆகக் குறைத்த வேறொரு சட்டத்தின் திருத்தத்தைப் பற்றி எனக்கு மிகுந்த விசாரம் உண்டு; ஏனெனில், நிர்வாகத்தைச் சுருக்கு என்றவுடன் முதலில் வெட்டுப்படுவது கணக்குப்பிள்ளையின் சம்பளமே. வவுச்சரைத் தேதிவாரியாகக் கோத்து, பாங்கிப் புத்தகத்தோடு மாதந்தோறும் ஒத்துப்பார்ப்பதற்கு ஆளில்லாத இல்லத்தில், வருஷக் கடைசியில் வந்து நிற்கும் ஆடிட்டர் எதைச் சரிபார்க்க முடியும்? அந்த ஊழியருக்குக் கொடுக்கும் கூலி, குழந்தைகளின் வாயிலிருந்து பறித்தது என்று நினைப்பது பெரும் பிழை. அவர்களுடைய சோற்றுக்குக் காவல் நிற்பதற்கே அந்தக் கூலி.

ஆகவே இந்த அவையில் ஒரு விண்ணப்பம் செய்துகொள்கிறேன். இந்த ஊரில் உள்ள சங்கங்களும் டிரஸ்டுகளும் தங்கள் ஆண்டுக் கூட்டத்தில், வரவு செலவை யாருக்கும் விளங்காத அச்சுத் தாளாக விநியோகிப்பதோடு நிறுத்திவிடாமல், இன்ன காரியத்துக்கென்று வந்தது இவ்வளவு, அதற்கே செலவானது இவ்வளவு, மீதி இந்த பாங்கியில் இருக்கிறது என்று தமிழில் வாய்விட்டு வாசிக்கச் செய்யுங்கள். வாசித்து முடித்தபின் கேள்வி கேட்பதற்கு, கொடுத்தவர்களுக்கு அரைமணி நேரமாவது ஒதுக்குங்கள். உங்கள் சங்கமே வருகிற கூட்டத்தில் இதைத் தொடங்குமானால், கணக்கைத் தயாரித்துக் கொடுக்க நான் சித்தமாயிருக்கிறேன்.