கிரேக்க அளவுகோலும் நமது மண்ணும்



ஓமந்தை என்றதும் நம்மில் பலருக்கு இன்னும் போர்க்காலச் சோதனைச்சாவடிதான் ஞாபகம் வருகிறது. அதே ஓமந்தையில் இன்று கிரேக்கத் தொல்லியலைப் பற்றிப் பேசக் கூடியிருக்கிறோம். நல்லது.

கிரேக்கச் சிற்பம் என்றால் வெள்ளைப் பளிங்கு என்று மனதில் பதிய வைத்தவர் ஜெர்மன் அறிஞர் வின்கெல்மன். அவருடைய கலை வரலாறு 1764இல் வெளிவந்தது. மனிதர் கிரேக்க மண்ணை மிதித்ததே இல்லை. உரோமாபுரியில் அவர் பார்த்தவற்றில் பெரும்பகுதி உரோமர் காலத்துப் படிகள். மூலச் சிற்பங்களிலோ சிவப்பும் நீலமும் பூசியிருந்தார்கள். நம்மூர்க் கோபுர வர்ணத்தைக் கண்டு முகம் சுளிக்கும் படித்தவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

கிரேக்கமே உச்சம் என்ற அந்த அளவுகோல் கீழைநாடுகளுக்கும் வந்தது. புத்தர் சிலையின் மூலம் கிரேக்கமே என்று பிரெஞ்சு அறிஞர் ஃபூஷே வாதிட்டார். காந்தாரச் சிலைகளின் ஆடை மடிப்பு அவருக்குச் சாட்சி. இல்லை, அது மதுராவின் இயக்கர் சிலை மரபில் தானே விளைந்தது என்று 1927இல் மறுத்தெழுதியவர் கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசுவாமி. பொலன்னறுவைச் சிவாலயங்களில் 1907, 1908இல் வெளிப்பட்ட செப்புத் திருமேனிகளைக் கலைப் படைப்புகளாக எடுத்துப் பேசியவரும் அவரே. கொழும்பு நூதனசாலைச் சேகரிப்பைப் பற்றிய அவரது நூல் 1914இல் வந்தது.

இவருக்குத் துணை நின்றது தொல்லியல் அல்ல, நவீன கலை. கிரேக்கச் சிற்பங்களைத் தேடித் தேடிச் சேர்த்த பிரெஞ்சுச் சிற்பி ரோடின், சென்னை அருங்காட்சியக நடராசரை ஒளிப்படத்தில் மட்டுமே கண்டார். கண்டு உருகி எழுதினார். அவர் இறந்த பின், 1921இல், குமாரசுவாமியின் எழுத்தோடு சேர்ந்து அது அச்சேறியது. சிற்பிகளின் கண் மாறாமல் அறிஞர்களின் தீர்ப்பு மாறியிராது என்பது என் எண்ணம்.

சிலையில் நடந்தது சட்டியிலும் நடந்தது. ரௌலட்டட் மட்பாண்டத்தை நீங்கள் அறிவீர்கள்: வழவழப்பான தட்டம், உட்புற நடுவில் வட்டவட்டமாகப் பொடிக் கோடுகள். அரிக்கமேட்டில் 1945இல் அகழ்ந்த தொல்லியலாளர் வீலர் அதை மத்தியதரைக் கடற்பக்கச் சரக்கு என்றார். பிறகு விமலா பெக்லி, இது இந்தியாவிலேயே வனைந்தது என்று காட்டினார். களிமண் ஆய்வுகளும் அவர் பக்கமே நிற்கின்றன. கந்தரோடையில் கிடைத்த ஓடுகளையும் அதன் பிறகு வேறு கண்ணோடுதான் பார்க்கிறோம்.

ஃபூஷேயைக் குறை சொல்லிவிட்டு நாம் என்ன செய்கிறோம்? வன்னியில் ஒரு கல் வெளிப்பட்டால் இது யாருடையது என்பதே முதல் கேள்வி. பௌத்தமா சைவமா என்ற சர்ச்சையில் சிக்கிய குருந்தூர்மலையின் பெயரைச் சொன்னாலே போதும், கல்லைப் பாராமலே தீர்ப்புகள் வந்து விழும். தமிழர், சிங்களவர் என்ற இரு தரப்பாரிடமும் இந்தப் பழக்கம் உண்டு. தமிழ் பௌத்தம் என்றொன்று இருந்ததை இரு தரப்பாருமே வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

ஆகவே, கட்டுரை வாசிக்க வந்திருப்பவர்களிடம் தலைவன் என்ற உரிமையில் ஒன்று கேட்கிறேன். முதலில் பொருளைக் காட்டுங்கள்: எந்த மண்ணடுக்கில், எவற்றோடு சேர்ந்து கிடைத்தது என்று சொல்லுங்கள். இனப்பெயர் பிறகு வரட்டும். முதல் அமர்வு மட்பாண்டங்கள் பற்றியது. கட்டுரையாளர் மேடைக்கு வரலாம்.