கணக்கு மேகத்தில் இருக்கட்டும், சாவி கையில் இருக்கட்டும்!



2021ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளில் விடாமல் கொட்டித் தீர்த்த மழையைக் கிள்ளான் பள்ளத்தாக்கில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஷா ஆலாம், தாமான் ஸ்ரீ மூடாவில் வீடுகளும் கடைகளும் மூழ்கின. கிள்ளானிலும் வெள்ளம் புகுந்தது. அந்தப் பருவ வெள்ளத்தால் நாடு முழுவதும் ஏற்பட்ட இழப்பு 610 கோடி வெள்ளி என்று புள்ளிவிவரத் துறை மதிப்பிட்டது. அதில் வணிக நிலையங்களின் இழப்பு மட்டுமே சுமார் 50 கோடி.

நனைந்து போன சரக்கை மறுபடியும் வாங்கிவிடலாம். நனைந்து போன கணினிக்குள் இருந்த கணக்கை எங்கே வாங்குவது? யார் எவ்வளவு பாக்கி, யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும், ஊழியர் சம்பளம், பழைய ரசீதுகள் எல்லாம் அதில்தான் இருக்கும். நம் நாட்டு வருமான வரிச் சட்டப்படி வியாபாரக் கணக்குகளை 7 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். 'வெள்ளம் கொண்டுபோய்விட்டது' என்று கைவிரித்தால், கடன் வாங்கியவரும் கைவிரித்துவிடுவார்!

இந்த இடத்தில்தான் 'கிளவுட் கம்ப்யூட்டிங்' கைகொடுக்கிறது. தமிழில் மேகக் கணினி என்கிறார்கள். பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். ஆயிரம் பேரை அழைத்துக் கல்யாணம் செய்கிறவர் ஆயிரம் நாற்காலிகளை விலைக்கு வாங்குவதில்லை. மண்டபத்தை வாடகைக்கு எடுக்கிறார். நாற்காலி, விளக்கு, பாத்திரம் எல்லாம் மண்டபத்துக்காரர் பொறுப்பு. அதேபோல, பெரிய நிறுவனங்கள் வாங்கி வைத்திருக்கும் கணினிகளை இணையம் வழியாகத் தேவையான அளவுக்கு வாடகைக்கு எடுப்பதே மேகக் கணினி. அமேசான் நிறுவனம் 2006இல் இதைப் பெரிய அளவில் வாடகைக்கு விடத் தொடங்கியது. பிறகு கூகுளும் மைக்ரோசாப்டும் களத்தில் இறங்கின. ஜிமெயிலில் கடிதம் அனுப்புகிறவர் ஏற்கெனவே மேகத்துக்குள்தான் இருக்கிறார்!

இந்த மேகம் வானத்தில் இல்லை. சைபர்ஜெயாவிலும் ஜொகூரிலும் இருப்பது போன்ற பிரம்மாண்டமான தரவு மையக் கட்டடங்களில் இரவு பகலாக ஓடும் கணினிகள்தான் மேகம். அமேசான் 2024 ஆகஸ்டில் மலேசியாவிலேயே தனது சேவை மையங்களைத் திறந்தது.

கடைக்காரருக்கு இதனால் என்ன லாபம்? கிள்ளான், ஜாலான் தெங்கு கிளானாவில் ஒரு துணிக்கடை; அதன் கிளை பிரிக்பீல்ட்ஸில். கிள்ளானில் தீர்ந்துபோன சேலை பிரிக்பீல்ட்ஸில் இருக்கிறதா என்று தொலைபேசியில் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம். இரண்டு கடைகளின் இருப்பும் ஒரே திரையில் தெரியும். தீபாவளி மாதத்தில் கூடுதல் இடம் எடுத்து, பண்டிகை முடிந்ததும் குறைத்துக்கொள்ளலாம். வெள்ளம் வந்து கடைக் கணினி பாழானாலும், வேறொரு கணினியைத் திறந்து விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

இன்னொரு காரணமும் உண்டு. உள்நாட்டு வருமான வரி வாரியம் 2024 ஆகஸ்டு 1 முதல் மின் விலைச்சீட்டு முறையைப் படிப்படியாகக் கொண்டுவந்தது. முதலில் ஆண்டுக்கு 10 கோடி வெள்ளிக்கு மேல் வியாபாரம் செய்யும் நிறுவனங்கள், பிறகு அதற்கும் கீழே உள்ளவை என்று அது இறங்கி வந்தது. விலைச்சீட்டு 'மைஇன்வாய்ஸ்' தளம் வழியாக வாரியத்துக்குப் போகிறது. இந்த முறைக்குள் வரும் கடையில் நோட்டுப் புத்தகக் கணக்கு மட்டும் போதாது.

அப்படியானால் எல்லாவற்றையும் மேகத்தில் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கலாமா? முடியாது, நேயர்களே!

பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் 2021 மார்ச் 10ஆம் தேதி 'ஓவிஎச்' நிறுவனத்தின் தரவு மையம் ஒன்று தீப்பிடித்து எரிந்தது. மூலமும் நகலும் அங்கேயே இருந்த வாடிக்கையாளர்கள் இரண்டையும் இழந்தனர். வேறு இடத்தில் நகல் வைத்திருந்தவர்கள் தப்பித்தார்கள். ஆகவே மாதம் ஒரு முறையாவது கணக்கின் நகலை இறக்கி, தனி வட்டில் பதிந்து, கடைக்கு வெளியே மேடான இடத்தில் வையுங்கள்.

அடுத்தது சாவி. மேகக் கணக்கு யார் பெயரில் இருக்கிறது? கணக்கு எழுதும் பையனின் சொந்த மின்னஞ்சலில் தொடங்கியிருந்தால், அவர் வேலையை விட்டுப் போகும் நாளில் கடையின் கணக்கும் கூடவே போய்விடும். முதலாளியின் பெயரில் பதியுங்கள். கடவுச்சொல்லோடு கைப்பேசிக்கு வரும் இரண்டாம் உறுதிப்பாட்டையும் கட்டாயமாக்குங்கள். வாடிக்கையாளரின் பெயர், தொலைபேசி எண் ஆகியவை மேகத்தில் இருந்தாலும் பொறுப்பு கடைக்காரருக்குத்தான். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத் திருத்தத்தின்படி, பெரும் தீங்கு விளைவிக்கக்கூடிய தரவுக் கசிவை 72 மணி நேரத்துக்குள் ஆணையரிடம் தெரிவிக்க வேண்டும். இந்த விதி 2025 ஜூன் 1 முதல் நடப்பில் உள்ளது.

வாடகை என்பது வாடகைதான். கட்டணத்தை நிறுத்தினால் கதவு மூடும். எனவே கையெழுத்திடும் முன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். ஓராண்டுக்கு மொத்தம் எவ்வளவு? இணையம் அறுந்தால் கல்லாவில் பில் போட முடியுமா? விலகிப் போக நினைத்தால் என் கணக்கை எந்த வடிவில் திருப்பித் தருவீர்கள்? மூன்றாவது கேள்விக்கு மழுப்பலாகப் பதில் வந்தால் வேறு கடை பாருங்கள்.

ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்ற வேண்டாம். முதலில் கடன் பாக்கிப் பட்டியலை மட்டும் மேகத்தில் ஏற்றுங்கள். ஒரு மாதம் கழித்து, கடைக் கணினியைத் தொடாமல் வேறொரு கணினியில் அதைத் திறந்து பாருங்கள். பாக்கி சரியாக வருகிறதா? வந்தால் அடுத்ததை ஏற்றுங்கள். வராவிட்டால் அந்தக் குறையை இப்போதே சரி செய்யுங்கள். அடுத்த டிசம்பர் மழை வந்த பிறகு அதற்கு நேரம் இருக்காது.