நிதிக்கு அம்பேத்கர் பெயர், முடிவு யார் கையில்?



நம் இளைஞர்கள் தொடங்கும் நிறுவனங்களுக்கு முதல் போட நாமே ஒரு நிதியைத் தொடங்கினால் என்ன? இந்தக் கேள்வி இப்போது நம் வாசகர் வட்டங்களிலும் மாணவர் அமைப்புகளிலும் அடிக்கடி எழுகிறது. கூடவே ஒரு வழியும் சொல்லப்படுகிறது. நம்மிடம் செபி பதிவு இல்லை. பதிவு பெற்ற நிதி மேலாளர் ஒருவரோடு கூட்டுச் சேர்ந்துகொள்வோம். உரிமம் அவர்களுடையது, பெயரும் நோக்கமும் நம்முடையவை என்கிறார்கள். இதை எதிர்த்துப் பேச நான் வரவில்லை. கையெழுத்துப் போடும் முன் எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்பதைப் பேச வந்திருக்கிறேன்.

முதலில், இந்தப் பணம் நமக்கு ஏன் தேவை? வங்கிக்குப் போனால் அடமானம் கேட்பார்கள். எழுதி வைக்கப் பூர்வீகச் சொத்து வேண்டும். நிலம் மறுக்கப்பட்டவர்களின் பிள்ளைகளிடம் அது எங்கே இருக்கும்? வென்ச்சர் கேப்பிடல் எனும் துணிகர முதலீடு அடமானம் கேட்பதில்லை. நிறுவனத்தில் பங்கை வாங்கிக்கொண்டு பணம் தருகிறது. நிறுவனம் தோற்றால் முதலீட்டாளரும் தோற்கிறார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த உலகம் வேறொன்றைக் கேட்கிறது: உனக்கு யாரைத் தெரியும்? 2012இல் எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி இதழில் வந்த ஓர் ஆய்வு, இந்தியாவின் 1000 முன்னணி நிறுவனங்களின் இயக்குநர்களைச் சாதிவாரியாக எண்ணிப் பார்த்தது. 90 சதவீதத்துக்கும் மேலானோர் உயர்த்தப்பட்ட சாதியினர். பட்டியலினத்தவரும் பழங்குடியினரும் சேர்ந்து 3.5 சதவீதம். அறிமுகங்கள் அந்த மேசைகளில்தான் நடக்கின்றன. ஆகவே நமக்கென்று ஒரு நிதி வேண்டும் என்பது நியாயமான கோரிக்கை.

இனி சட்டத்தைப் பார்ப்போம். செபியின் 2012ஆம் ஆண்டு மாற்று முதலீட்டு நிதி விதிமுறைகளின்படி துணிகர முதலீட்டு நிதி முதல் வகையில் வருகிறது. ஒரு திட்டத்துக்குக் குறைந்தது 20 கோடி ரூபாய் திரட்ட வேண்டும். முதலீட்டாளர் ஒருவர் பொதுவாகக் குறைந்தது ஒரு கோடி போட வேண்டும். குறைந்தது மூன்று ஆண்டுகளுக்கு மூடிய நிதியாக இருக்க வேண்டும். நடைமுறையில் எட்டு, பத்து ஆண்டுகள் ஆகும். நூறு பேர் ஆளுக்கு ஒரு லட்சம் போட்டு ஒரே முதலீடாகக் காட்டலாமா என்றால் முடியாது. கணவன் மனைவி, பெற்றோர், பிள்ளைகள் மட்டுமே கூட்டாக முதலிடலாம். பொதுமக்களிடம் விளம்பரம் செய்து திரட்டவும் கூடாது.

இந்த வேலியைப் பார்த்து எரிச்சல் வரலாம். அது பணக்காரர்களின் ஆட்டத்துக்காகப் போடப்பட்டது என்பதும் உண்மைதான். ஆனால் பதிவு இல்லாத சீட்டிலும் 'பணம் இரட்டிப்பாகும்' திட்டங்களிலும் வாழ்நாள் சேமிப்பைப் பறிகொடுத்தவர்கள் நம் தெருக்களில்தான் அதிகம். எனவே பதிவு பெற்ற மேலாளர் வேண்டும். தனிக் கணக்கு, ஆண்டுத் தணிக்கை, செபிக்கு அறிக்கை எல்லாம் வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் தலைக்குப் பத்தாயிரம் திரட்டி 'சமூக நிதி' என்று யாராவது கிளம்பினால் அதை முதலில் நிறுத்த வேண்டியவர்கள் நாம்.

மேலாளரோடு கூட்டு என்பது புதிய யோசனையும் அல்ல. தலித் இந்திய வணிகத் தொழில் கூட்டமைப்பு 2013இல் 500 கோடி இலக்கோடு ஒரு நிதியை அறிவித்தபோது இந்த வழியில்தான் போனது. 2014 ஜூலை பட்ஜெட்டில் பட்டியலினத் தொழில்முனைவோருக்கு 200 கோடி ஒதுக்கிய ஒன்றிய அரசும் பணத்தைத் தானே பிரித்துக் கொடுக்கவில்லை. 2015 ஜனவரியில் தொடங்கிய அந்த நிதியை ஐஎஃப்சிஐ வென்ச்சர் கேப்பிடல் ஃபண்ட்ஸ் என்ற நிறுவனம் நிர்வகிக்கிறது. தமிழ்நாடு அரசு 2022இல் 30 கோடியோடு பட்டியலின, பழங்குடியினருக்கான புத்தொழில் நிதியை அறிவித்து, பங்கு முதலீடாகவே தருகிறது. அரசே செய்யும்போது நாம் கேள்வி கேட்கலாம், போராடலாம், சட்டமன்றத்தில் எழுப்பலாம். தனியார் மேலாளரிடம் நமக்கு இருப்பது ஒப்பந்தத்தில் எழுதி வாங்கியது மட்டுமே.

இங்கேதான் புனா ஒப்பந்தத்தை நினைவூட்ட வேண்டியிருக்கிறது. 1932 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்ட தனித் தொகுதியில் நம் பிரதிநிதியை நாமே தேர்ந்தெடுத்திருப்போம். செப்டம்பர் 24இல் கையெழுத்தான ஒப்பந்தத்தில் மாகாண சபை இடங்கள் 148 ஆகக் கூடின. ஆனால் நம் வாக்காளர்கள் முதல் சுற்றில் நான்கு பேரை முன்னிறுத்தலாம். அந்த நால்வரில் யார் என்பதைக் கூட்டுத் தொகுதி முடிவு செய்யும். வேட்பாளர் நம்மவர், தேர்வு அவர்களுடையது. நம் பெயரில் ஒரு நிதி, அதற்கு விண்ணப்பங்களைத் திரட்டிக் கொடுப்பது நாம், யாருக்குப் பணம் என்று முடிவெடுப்பது மேலாளரின் முதலீட்டுக் குழு என்றால், அதே முதல் சுற்றை மீண்டும் நடத்துகிறோம் என்று பொருள்.

ஆகவே முதலாவது கோரிக்கை, முதலீட்டுக் குழுவில் பாதி இடம். ஆலோசனைக் குழு என்று ஒன்றை அமைத்து, ஆண்டுக்கு இரண்டு முறை தேநீர் கொடுத்துப் படம் எடுத்து அனுப்புவார்கள். அது வேண்டாம். முதலீட்டாளர்களிடம் தரப்படும் திட்ட ஆவணத்திலேயே குழு உறுப்பினர்களின் பெயர்கள் இருக்க வேண்டும். குழுவின் முடிவுகள் உரிய நடைமுறைகளுக்கு உட்பட்டிருப்பதை உறுதி செய்வது அதில் இருப்பவர்களின் பொறுப்பு என்கிறது விதிமுறை. எனவே மேடைப் பேச்சாளர்களை அனுப்பக் கூடாது. நம்மில் பட்டயக் கணக்காளர்கள் இருக்கிறார்கள், வங்கியில் கடன் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் இருக்கிறார்கள், நிறுவனம் நடத்துபவர்கள் இருக்கிறார்கள். அவர்களைத் தேடுங்கள்.

இரண்டாவது, ஸ்பான்சர் நாற்காலி. நிதியின் மேலாளரோ, அதைத் தொடங்கும் ஸ்பான்சரோ தொகையில் 2.5 சதவீதம் அல்லது 5 கோடி, இவற்றில் எது குறைவோ அதைச் சொந்தப் பணமாகப் போட வேண்டும். 20 கோடி நிதிக்கு அது 50 லட்சம். வசதியுள்ள நம்மவர்கள் சிலர் முறையாக ஒரு நிறுவனம் அமைத்து இதைப் போட முடிந்தால், பெயர் கொடுத்தவராக இல்லாமல் நிதியை நிறுவியவராக உட்காரலாம். இதற்குக் காரணம் இருக்கிறது. நிதியின் உள்ளே வாக்கு தலைக்கு ஒன்று கிடையாது. போட்ட பணத்தின் மதிப்புக்கு ஏற்ப வாக்கு. நிதியைக் கலைக்க வேண்டுமானால்கூட மதிப்பில் 75 சதவீதம் வைத்திருப்பவர்கள் சேர்ந்துதான் கலைக்க முடியும். பணம் போடாதவருக்கு அங்கே குரல் இல்லை.

மூன்றாவது, கட்டணம். இந்தத் தொழிலில் ஆண்டுக்கு 2 சதவீத நிர்வாகக் கட்டணம், லாபத்தில் 20 சதவீதப் பங்கு என்பது வழக்கம். 20 கோடிக்கு 2 சதவீதம் என்றால் ஆண்டுக்கு 40 லட்சம். பத்து ஆண்டில் 4 கோடி. ஐந்தில் ஒரு பங்கு எந்த இளைஞரின் கைக்கும் போகாமலே கரைந்துவிடும். முதல் நான்கைந்து ஆண்டுகளுக்குப் பிறகு, வாக்களிக்கப்பட்ட மொத்தத் தொகைக்குக் கட்டணம் வாங்காமல், அப்போது முதலீட்டில் இருக்கும் தொகைக்கு மட்டும் வாங்க வேண்டும் என்று எழுதச் சொல்லுங்கள்.

நான்காவது, பணம் எந்த வடிவில் போகிறது? பங்காகக் கொடுப்பதும் கடன் பத்திரமாகக் கொடுப்பதும் ஒன்றல்ல. இன்னும் ஒரு ரூபாய் வருமானம் பார்க்காத நிறுவனத்திடம் வட்டி கேட்டால், அது வங்கிக் கடனுக்கு வேறு சட்டை மாட்டியதுதான். எத்தனை சதவீதம் பங்காகப் போகும் என்பதை முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும். அதே நேரம் ஒன்றை ஒப்புக்கொள்வோம். அச்சகமோ, ஆம்பூரில் ஒரு காலணிப் பட்டறையோ நல்ல தொழில். ஆனால் சில ஆண்டுகளில் பல மடங்கு வளரும் தொழில் அல்ல. அவர்களுக்குத் தேவை குறைந்த வட்டிக் கடன். அதற்குத் தாட்கோவையும் வங்கிகளையும்தான் நெருக்க வேண்டும். துணிகர முதலீடு எல்லா நோய்க்கும் மருந்து என்று யாரையும் நம்பவைக்காதீர்கள்.

ஐந்தாவது, பினாமி. பட்டியலினத்தவருக்கான ஒன்றிய அரசின் நிதி, 51 சதவீதப் பங்கோடு நிர்வாகக் கட்டுப்பாடும் அவர்களிடம் இருக்க வேண்டும் என்கிறது. காகிதத்தில் 51 காட்டுவது எளிது. 1892இல் வந்த பஞ்சமி நிலத்துக்கும் நிபந்தனை இருந்தது. பத்து ஆண்டுகள் விற்கக் கூடாது, பிறகும் ஒடுக்கப்பட்ட சாதியினருக்கு மட்டுமே விற்கலாம் என்று. நிபந்தனை பத்திரத்தில் இருந்தது, நிலம் கைமாறியது. ஆகவே வங்கிக் கணக்கில் கையெழுத்திடுவது யார், இயக்குநரை நியமிப்பது யார், கொள்முதல் யாரிடம் நடக்கிறது என்று ஆண்டுதோறும் நேரில் போய்ப் பார்க்கும் பொறுப்பை ஒப்பந்தத்தில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டும். இதை நம்மைவிட நன்றாகச் செய்ய எந்த மேலாளராலும் முடியாது. கூட்டில் நம் பலமே இதுதான்.

கடைசியாக, வெளியேறும் வழி. மேலாளர் நோக்கத்தை மீறினால் அவரை மாற்றும் உரிமையும், நம் பெயரைத் திரும்பப் பெறும் உரிமையும் எழுத்தில் வேண்டும். இல்லாவிட்டால் பாபாசாகேப் பெயர் ஒரு விளம்பரப் பலகையாக அங்கேயே தொங்கிக்கொண்டிருக்கும்.

இத்தனையும் கேட்டால் எந்த மேலாளர் வருவார் என்று சில தோழர்கள் கேட்கலாம். நம் பெயர் இல்லாமல் அவர்களால் இந்த நிதிக்கு அரசிடமோ வளர்ச்சி வங்கிகளிடமோ போய்ப் பணம் கேட்க முடியாது. அதனால்தான் நம்மைத் தேடி வருகிறார்கள். பேரம் பேச அதுவே போதும். பாபாசாகேப் ரூபாயின் சிக்கலைப் பற்றி ஆய்வு எழுதியவர். நிதி என்றால் நமக்குப் புரியாது என்று ஒதுங்கும் உரிமை அவர் வழி வந்தவர்களுக்கு இல்லை.

உங்கள் ஊரில் யாராவது இப்படி ஒரு கூட்டுக்கு அழைத்தால் மேடைக்குப் போகும் முன் ஒப்பந்த வரைவைக் கேளுங்கள். கொடுத்தால் ஒரு வழக்கறிஞரையும் ஒரு கணக்காளரையும் உட்கார வைத்து வரிவரியாக வாசியுங்கள். கொடுக்க மறுத்தால் பதில் கிடைத்துவிட்டது.