விற்பனை பெருகியது, கையில் காசில்லை



நைக்கி காலணி நிறுவனத்தை உருவாக்கிய ஃபில் நைட், தன் தொழில் வாழ்க்கையை ‘ஷூ டாக்’ என்ற புத்தகமாக எழுதி 2016இல் வெளியிட்டார். படித்தவர்கள் பெரும்பாலும் அவருடைய துணிச்சலைத்தான் சிலாகிப்பார்கள். 1962இல், 24 வயதில், ஜப்பானின் கோபே நகரத்துக்குப் போய், இல்லாத கம்பெனிக்கு அங்கேயே ஒரு பெயரைச் சொல்லி, ஒனிட்சுகா நிறுவனத்தின் ‘டைகர்’ காலணிகளை அமெரிக்காவில் விற்கப் பேசி முடித்துவிட்டு வந்தவர் அவர். தொழில் தொடங்கப் போகிறேன் என்று வருகிற பிள்ளைகளிடம் இந்தப் புத்தகத்தைப் படியுங்கள் என்று நான் சொல்வதற்குக் காரணம் வேறு. வியாபாரம் அமோகமாக நடக்கும்போதே ஒரு கம்பெனி திவாலின் வாசல் வரை எப்படிப் போகும் என்பதை இவ்வளவு ஒளிவுமறைவில்லாமல் எழுதிய முதலாளிகள் குறைவு.

1964இல் அவரும் அவருடைய ஓட்டப் பயிற்சியாளர் பில் பவர்மனும் ஆளுக்கு 500 டாலர் போட்டார்கள். முதல் சரக்கு 300 ஜோடி. காரின் பின்பக்கம் அடுக்கிக்கொண்டு, ஓட்டப் போட்டி நடக்கிற மைதானங்களுக்குப் போய் விற்றார் நைட். முதல் வருடம் 8,000 டாலர் விற்பனை. அடுத்த வருடம் 20,000. அதற்கடுத்து 44,000.

கேட்கச் சந்தோஷமாக இருக்கிறது. கணக்கைப் பாருங்கள். சரக்குக்குப் பல மாதம் முன்பே ஆர்டர் கொடுக்க வேண்டும். ஜப்பானுக்குப் பணம் கட்ட வேண்டும். சரக்கு கடல் கடந்து வந்து, கடைக்குப் போய், கடைக்காரர் பணம் தருவதற்குள் அடுத்த ஆர்டருக்கு நேரம் வந்துவிடும். அதுவும் இரண்டு மடங்கு ஆர்டர். இந்த வருட லாபம் முழுவதையும் போட்டாலும் போதாது. மிச்சத்துக்குக் கடன்தான் வாங்க வேண்டும். “சொந்த முதல் இல்லாமல் இவ்வளவு வேகமாக வளராதீர்கள்” என்பது வங்கிக்காரரின் வாதம். “வந்த சரக்கெல்லாம் விற்றுத் தீர்கிறதே” என்பது நைட்டின் வாதம். இருவர் பக்கமும் நியாயம் இருந்தது. நைட் கணக்காளர் வேலை பார்த்தவர். இந்த ஆபத்து தெரியாமல் அவர் இறங்கவில்லை.

பிறகு அவர்கள் சொந்தப் பெயரிலேயே காலணி தயாரிக்கத் தொடங்கினார்கள். 1975இல் இந்தப் பண நெருக்கடி முற்றியது. இறக்குமதிக்குக் கடன் கொடுத்துவந்த ஜப்பானிய வணிக நிறுவனமான நிஷோ இவாய்க்குப் பத்து லட்சம் டாலர் கட்ட வேண்டிய நாள் வந்தது. கம்பெனியின் எல்லா வங்கிக் கணக்குகளையும் துடைத்தெடுத்துக் கட்டினார்கள். விளைவு, நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் எக்ஸெட்டரில் இருந்த தங்கள் தொழிற்சாலையில் கொடுத்த சம்பளக் காசோலைகள் பணமில்லாமல் திரும்பின. காலணி தைத்தவர்கள், வாரம் முழுக்க உழைத்தவர்கள், வீட்டுச் செலவுக்குப் பணமில்லாமல் நின்றார்கள். புத்தகத்தில் என் மனதை மிகவும் உறுத்திய இடம் இது. முதலாளி துணிந்து இறங்குகிறார் என்றால், அந்தத் துணிச்சலின் விலையில் ஒரு பங்கைத் தொழிலாளியும் கட்டுகிறார், அவரை யாரும் கேட்காமலே.

காசோலைகள் திரும்பியதும், அவர்களுக்குக் கடன் கொடுத்துவந்த வங்கி உறவை முறித்துக்கொண்டது, அமெரிக்க மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ.க்கும் தகவல் கொடுத்தது. நிஷோவின் அதிகாரிகள் வந்து கணக்குப் புத்தகங்களைப் புரட்டினார்கள். அவர்களுடைய ஊழியர் ஒருவரே, இந்தக் கம்பெனி பிழைக்கட்டும் என்று இவர்கள் கட்ட வேண்டிய சில பில்களை மேலிடத்துக்குக் காட்டாமல் வைத்திருந்தது அப்போதுதான் வெளியே வந்தது. அத்தோடு எல்லாம் முடிந்தது என்று நைட் நினைத்தார். நடந்ததோ வேறு. நிஷோவின் நிதிப் பொறுப்பாளர் இட்டோ நேராக அந்த வங்கிக்குப் போய், இவர்களுடைய கடன் முழுவதையும் நாங்களே கட்டுகிறோம் என்று சொல்லிவிட்டார்.

எல்லாத் தொழிலுக்கும் இப்படி ஒரு இட்டோ கிடைப்பதில்லை. தன் வெற்றியில் அதிர்ஷ்டத்துக்கும் பங்குண்டு என்று நைட் மனம் திறந்து எழுதுகிறார். ஆகவே அவருடைய துணிச்சலை அப்படியே பின்பற்றச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் பின்பற்றத்தக்க ஒரு வேலையை அவர்கள் செய்தார்கள். கடைக்காரர்களிடம், ஆறு மாதம் முன்னதாகவே ஆர்டர் கொடுங்கள், பிறகு ரத்து செய்யக்கூடாது, அதற்குப் பதிலாக விலையில் தள்ளுபடி தருகிறோம் என்றார்கள். முதலில் கடைக்காரர்கள் மசியவில்லை. விடாமல் பேசி ஒத்துக்கொள்ள வைத்தார்கள். உறுதியான ஆர்டர் கையில் இருந்தால் கடன் கொடுப்பவரிடம் பேச ஒரு பிடி கிடைக்கிறது. எவ்வளவு சரக்கு எடுப்பது என்ற ஊகமும் குறைகிறது.

பங்குகளைப் பொதுமக்களுக்கு விற்றால் கம்பெனி கைவிட்டுப் போய்விடும் என்று நைட் வெகுகாலம் அஞ்சினார். 1980 டிசம்பரில், நிர்வாகத்தில் பெரும்பிடி தங்களிடமே இருக்கும்படி பங்குகளை இரண்டு வகையாகப் பிரித்து, ஒரு பங்கு 22 டாலர் என்று விற்றார்கள். தொழில் தொடங்கிப் பதினாறு வருடத்துக்குப் பிறகுதான், அடுத்த சரக்குக்குப் பணம் எங்கே என்ற கவலை அவரை விட்டது.