கடையில் விலைக்கு வாங்க இயலாத ஆற்றல்

(கிராம வாசிகசாலை ஆண்டு விழாவில் ஆற்றப்பட்ட உரை)



மொழியுரிமையும் நிலவுரிமையும் பேசுதற்குரிய இம்மேடையில் நாம் இன்று கீரையும் உறக்கமும் பற்றிப் பேச வந்திருக்கின்றோம். சிலருக்கு இது வேடிக்கையாகத் தோன்றலாம். நோயினால் நலிந்த மக்கள் எவ்வுரிமையைத்தான் நின்று கேட்க வல்லார்?

2020ஆம் ஆண்டுப் பெருந்தொற்றின் பின்னர், “எதிர்ப்புச் சக்தியைக் கூட்டுவது எவ்வாறு?” என்று வினவாதார் இல்லை. இவ்வினாவைப் பிடித்துக்கொண்டு பிழைப்போரும் பலர். அவ்வாண்டு டிசம்பர் மாதத்திற் கேகாலையில் ஒருவர் தேனும் சாதிக்காயும் கலந்த பாணியொன்றைத் தெய்வம் அருளியதென்று கூறி வழங்க, அதனைப் பெறுதற்கு ஆயிரக்கணக்கானோர் முண்டியடித்தனர். அப்பாணியைப் பலரும் காண அருந்திய சுகாதார மந்திரியாரையே அடுத்த மாதம் அத்தொற்றுப் பீடித்தது. தெற்கைப் பார்த்து நாம் நகைக்க வேண்டுவதில்லை. வெளிநாட்டு உறவினர் அனுப்பும் சத்துக் குளிசைப் போத்தல்கள் நம்மவர் வீட்டு அலுமாரிகளிலும் வரிசையாக நிற்கின்றன.

முதலில் ஒன்றைத் தெளிந்துகொள்ளல் வேண்டும். நோயெதிர்ப்பு ஆற்றல் என்பது விளக்குத் திரிபோலத் தூண்டிவிடும் பொருளன்று. குருதியிலுள்ள வெள்ளணுக்களும், அவற்றுட் சில ஆக்கும் எதிர்ப்புப் புரதங்களும், முன்வந்த பகைவனை நினைவில் வைத்திருக்கும் அணுக்களும் ஒருங்கே இயங்கும் ஏற்பாடு அது. அளவிறந்து கிளர்ந்தால், தன் உடலையே தாக்கும். மூட்டுவாத நோய்களுட் சில இவ்வாறே தோன்றுவன. ஆகவே, நாம் செய்யத்தக்கது அதனைக் கூட்டுவதன்று, குறையாமற் காப்பதே.

இதற்கு நம் தீவின் வரலாற்றிலேயே சான்று உண்டு. 1934இல் மழை பொய்த்தது. ஆறுகள் வற்றிக் குட்டைகளாயின, நுளம்பு பெருகிற்று. அவ்வாண்டின் இறுதியிலும் 1935இன் தொடக்கத்திலும் மலேரியாவினால் மாண்டோர் ஏறக்குறைய 80,000 பேர். ஆண்டுதோறும் அந்நோயுடன் வாழ்ந்த வரண்ட பகுதி மக்களின் உடல் அதனை ஓரளவு அறிந்திருந்தது. கேகாலை போன்ற மழை மிகுந்த பகுதிகளின் மக்களோ அதனை அறியாதவர்கள். அதன்மேல் விளைவின்றிப் பட்டினி கிடந்தவர்கள். அங்கேயே சாவு மிகுந்தது. நிவாரணத்திற்குச் சென்ற சூரியமல் இயக்கத்தினர் கொயினா மாத்திரம் போதாது, உணவும் வேண்டும் என்பதைக் கண்ணாரக் கண்டனர். பருப்பு முதலியவற்றைச் சுமந்து சென்று வழங்கிய என். எம். பெரேராவிற்குப் ‘பருப்பு மாத்தயா’ என்னும் பெயரே வழங்கலாயிற்று. மொழி விடயத்தில் அவரது கட்சி பின்னாளிற் புரண்டதை நாம் மறந்தோமல்லோம். எனினும் அன்று அவர் சுமந்த பருப்பை மறுத்தலும் நீதியன்று.

எதிர்ப்புப் புரதத்தை உடல் ஆக்குவதற்கு உணவிற் புரதம் வேண்டும். பயறு, உழுந்து, கடலை, முட்டை, சூடை, நெத்தலி ஆகியவற்றில் அது உண்டு. முருங்கையிலையிலும் பொன்னாங்காணியிலும் பப்பாளிப் பழத்திலும் உயிர்ச்சத்து ‘ஏ’ ஆக மாறும் பொருள் நிறைந்துள்ளது. மூக்கு, தொண்டை, குடல் ஆகியவற்றின் உட்படலத்தைக் காப்பது அதுவே. கொழுப்புடன் உண்டாலன்றி அது உடலிற் செவ்வனே சேராது. தேங்காய்ப்பால் விட்டுக் கீரை சமைத்த நம் ஆச்சிமார் இதனை எப்புத்தகத்திற் படித்தனர்? நெல்லியும் கொய்யாவும் வேலியோரத்திலேயே காய்க்கின்றன.

ஆனால் நடப்பது யாது? கமக்காரர் விடியுமுன் கீரைக்கட்டையும் முட்டையையும் சந்தைக்கு அனுப்பிவிட்டுத் தம் பிள்ளைகளுக்குப் பாணும் சீனித் தேநீரும் கொடுக்கின்றார். அவரை நாம் குறைகூறுவதற்கில்லை. கடனும் உரவிலையும் அவரை அவ்வாறு செய்விக்கின்றன. எனினும் பத்துக் கட்டில் ஒரு கட்டு அடுக்களைக்குப் போகட்டும் என்று வேண்டுகின்றோம்.

உத்தியோக அன்பர்களுக்கு உறக்கம் பற்றி ஒரு சொல். அமெரிக்காவில் 164 பேரின் உறக்கத்தை ஒரு வாரம் அளந்து, பின்னர் அவர்தம் மூக்கில் தடிமற் கிருமியை இட்டுப் பார்த்தனர். ஏழு மணித்தியாலத்திற்கு மேல் உறங்கியோரை நோக்க, ஆறு மணித்தியாலத்திற்குக் குறைய உறங்கியோர்க்குத் தடிமன் பிடிக்கும் வாய்ப்பு நான்கு மடங்குக்கு மேல் என 2015இல் அவ்வாய்வு கூறிற்று. நாற்காலியை விட்டெழாத வாழ்வும் சீனியும் சேர்ந்து கொணரும் நீரிழிவோ காசநோய் பற்றும் வாய்ப்பை ஏறக்குறைய மூன்று மடங்காக்கும். மாலையில் அரை மணித்தியாலம் விரைந்து நடப்பதற்குச் செலவு ஏதும் இல்லை.

புகையிலையைப் பற்றிப் பேச எமக்கே நாக் கூசுகின்றது. அது நம் தோட்டங்களைப் பசுமையாக வைத்த பயிர். பல பிள்ளைகளைப் பட்டதாரிகளாக்கிய பயிர். ஆயினும் அதன் புகை மூச்சுக் குழாயிற் கிருமியைத் துடைத்து வெளியேற்றும் நுண்மயிர்களைச் செயலிழக்கச் செய்கின்றது என்னும் உண்மையை மறைத்தல் தகாது.

இவையெல்லாம் செய்தும் தடுப்பூசியை ஒதுக்குவோர் உளர். சின்னமுத்து இத்தீவில் ஒழிந்ததென்று 2019இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. 2023இல் அது மீண்டும் வந்தது. அந்நோய், முன்னர் வென்ற வேறு கிருமிகளைப் பற்றிய உடலின் நினைவையும் அழிக்கவல்லது. பிள்ளையின் தடுப்பூசி அட்டையை இன்றிரவே எடுத்துப் பாருங்கள்.

இனி, காலபோக வயலில் இறங்கும் அன்பர்களுக்கு. 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் எலிக்காய்ச்சல் பல உயிர்களைக் கொண்டது. எத்துணைக் கீரை உண்டாலும், காற்பிளவின் வழியே சேற்றுக் கிருமி புகுமாயின் தப்புவது அரிது. சேற்றில் வேலை செய்யுங் காலத்தில் வாரமொருமுறை விழுங்கவேண்டிய டொக்சிசைக்கிளின் குளிசையைச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் இலவசமாகப் பெறலாம். கருவுற்றிருப்போரும் சிறுவரும் வைத்தியரைக் கேளாது உட்கொள்ளலாகாது. காய்ச்சல் கண்டால் இரண்டொரு நாள் பார்ப்போம் என்றிராது ஆசுபத்திரிக்குச் சென்று, வயலில் இறங்கியதை முதலிற் சொல்லுங்கள். குளிசை உறையிலுள்ள குறிப்பு நமக்கு விளங்காத மொழியில் இருப்பின், தமிழில் எழுதித் தருமாறு கேளுங்கள். 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தத்தின்படி தமிழும் அரச கரும மொழியே. குளிசையை உணவின் பின்னர் நிறைய நீருடன் விழுங்குங்கள். விழுங்கிய உடனே படுக்காதீர்கள்.